உருவகம், தர்ஷனா டீச்சர் சொன்னபடி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

மதனி கண்டியில் ஆங்கில ஆசிரியை. பொறாமை என்பதே அவளுக்கு

அந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. (மதனி நான்தான். பெயரை மாற்றிப் பார்த்தேன். மாற்றிய பெயருக்கும் பொறாமை வந்தது.)

2

பள்ளிக்கூடத்தில் உவமை, உருவகம், முரண்நகை என்று கரும்பலகையில் எழுதி, வரைவிலக்கணங்களைப் பாடமாக்க வைக்கிறவள் நான். மகள் பிரியாந்தினி என்னிடம் ஆங்கில இலக்கியம் படிக்க மறுத்துவிட்டாள். "நீங்கள் வீட்டிலயும் ரீச்சர்தான்" என்றாள். கட்டுகஸ்தோட்டையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஹேவாஹெட்டயிலிருந்து வந்து ரியூசன் எடுக்கும் தர்ஷனாவிடம் போய்ச் சேர்ந்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, சிமிலி வாசல்ல நிண்டு 'போல, போல' எண்டு பெல் அடிக்குமாம். மெற்றபோர் கேக்காமலே உள்ளுக்க வந்து கதிரையில இருந்திடுமாம்."

"ஆர் சொன்னது?"

"தர்ஷனா ரீச்சர்."

கை கழுவும்வரை உவமைக்கும் உருவகத்துக்கும் அதைவிட நல்ல விளக்கமொன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

3

(இந்த இடத்தில் தர்ஷனாவைக் கெட்டவளாக்க முயன்றேன். ஒரு வரைவில் அவளுடைய உச்சரிப்பில் பிழை வைத்தேன். இன்னொன்றில் கொஞ்சம் திமிர் கொடுத்தேன். நேரில் போய்ப் பார்த்த பிறகு இரண்டையும் அழிக்க வேண்டியதாயிற்று.)

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்று தன் கதிரையை எனக்குத் தந்தாள். "பிரியா உங்களப் பத்தி நெறைய பேசும்."

"என்ன கதைக்கிறவள்?"

கொஞ்சம் தயங்கினாள். "உருவகத்துக்கு உதாரணம் கேட்டேன். 'எங்க அம்மா ஒரு சிவப்புப் பேனா'ன்னுச்சு. புள்ளைங்க எல்லாம் சிரிச்சிருச்சுங்க. நான் சிரிக்கல, டீச்சர்."

சிரித்திருக்கலாம். அவளை வெறுப்பது லேசாக இருந்திருக்கும்.

4

முடிவு ஒன்று: மகளை ரியூசனிலிருந்து நிறுத்துகிறேன். [வெட்டிவிட்டேன். ஆனால் ஒரு பின்னேரம் அதைச் சொல்ல வாய் திறந்தது உண்மை.]

முடிவு இரண்டு: மகளைக் கட்டிப்பிடித்து அழுகிறேன். [எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் நடப்பதில்லை.]

நடந்தது இதுதான். அடுத்த வகுப்புக்கு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் பிரியாந்தினி கேட்டாள்:

"அம்மா, ஐரனி எண்டால் என்ன?"

"உங்கட தர்ஷனா ரீச்சரிட்டக் கேள்."

"கேட்டனான். அம்மாட்டக் கேட்டுக்கொண்டு வந்து வகுப்புக்குச் சொல்லு எண்டவ."

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படியொரு பெருந்தன்மை எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று. முரண்நகையின் வரைவிலக்கணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன். பஸ் மகாவலிப் பாலத்தில் ஏறியது. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் ஒன்று சொன்னேன்.

அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் தர்ஷனா வாசித்துவிட்டு, அதைவிட நன்றாக ஒன்று சொல்லிவிடுவாள். உங்களிடம் உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.