முதல் துவக்கு

கனடாவில், மிசிசாகாவில் இருந்த அந்தத் துவக்குக் கடைக்கு நிலாணி வந்ததே, வர மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படாததால்தான். அவள் புருஷன் ராகுலன் வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, மாதக்கணக்காகக் காத்திருந்து லைசென்ஸ் எடுத்திருந்தான். கூட வேலை செய்யும் பஸ்ரியன் மூட்டிவிட்ட ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நின்றான்.

"நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிறதெண்டு ஒண்டுமே இல்லை, நிலா" என்று அவன் கெஞ்சிய விதத்தில் அவளுக்கு மறுப்பே வரவில்லை.

கடைக்காரன் மரியோ பொறுமையானவன். பெரிய துவக்குகளையே பார்த்துக்கொண்டு நின்ற ராகுலனைத் திருப்பிச் சின்ன ரைபிள்கள் இருந்த பக்கம் கூட்டிப்போனான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இருபத்திரண்டு காலிபர் போதும், தோளில் உதைப்பு இல்லை, குண்டும் மலிவு என்றான். முதலில் காதையும் கண்ணையும் காப்பாற்றுங்கள் என்று காதுக்கவசம் ஒன்றை எடுத்து நிலாணியின் தலையில் மாட்டினான். கடை சட்டென்று அடங்கிப்போனது. தன் மூச்சு மட்டும் உள்ளே இரைவதைக் கேட்டாள். உடனே கழற்றிவிட்டாள்.

"என்ன, இறுக்குதே?" என்றான் ராகுலன்.

"ஓம். கொஞ்சம்."

பிறகு மரியோ ஒரு ரைபிளை எடுத்து, வெறுமையாக இருக்கிறது என்று திறந்து காட்டி, அளவு சரியா பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிய கையோடு குழலைத் தரைப் பக்கம் திருப்பினாள். மரியோ திறந்து காட்டிய குண்டறையைத் தானும் ஒருதரம் குனிந்து பார்த்தாள். உள்ளே சுண்டுவிரலை விட்டும் தடவினாள். சுட்டுவிரல் விசையில் படாமல் பக்கவாட்டில் நீட்டி நின்றது. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தன் கைகள் என்ன செய்துவிட்டன என்பது அவளுக்கு உறைத்தது.

யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று மரியோ மெச்சினான்.

"நான்தான்! வீட்டிலை வீடியோ எல்லாம் காட்டினனான்" என்று ராகுலன் பெருமையாகச் சிரித்தான்.

கூட வந்திருந்த பஸ்ரியன் சிரிக்கவில்லை.

"தங்கச்சி ஊரிலை எந்தப் பக்கம்?"

"வவுனியா, அண்ணை."

"ரவுணுக்குள்ளையோ?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டினார். நிலாணி ரைபிளை மேசையில் வைக்கும்போது, வேண்டுமென்றே குழல் மரியோவைப் பார்க்கும்படி வைத்தாள். அவன் பதறி அதைத் திருப்பினான். அவள் மன்னிப்புக் கேட்டாள். பஸ்ரியனின் கண் அவள் கையை விட்டு எடுபடவேயில்லை.

ராகுலன் அந்த ரைபிளையே வாங்கினான். விசைப் பூட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டு சோடி காதுக்கவசம், பூட்டுப் போட்ட நீளப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் காரின் பின்பெட்டியில் வைத்தான். பஸ்ரியன் தன் காரில் புறப்பட்டார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. ராகுலன் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

"இஞ்சருங்கோ, நான் வவுனியா இல்லை" என்றாள் நிலாணி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"புதுக்குடியிருப்பு. அம்மா உங்கடை ஆக்களுக்குப் பொய் சொன்னவ. கடைசிச் சண்டை நேரம் இயக்கக்காரர் என்னைப் பங்கருக்கை இருந்து இழுத்துக்கொண்டு போனவை. பதினேழு வயது. பழக்கிப்போட்டுக் கொண்டுபோய் சண்டை லைனிலை விட்டவை. ஓடி வந்திட்டன்."

பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அவன் காரைக் கொஞ்சம் நகர்த்தினான்.

"நீர் ஆரையாவது…?"

"தெரியாது. இருட்டுக்கை சுடச் சொன்னவை, சுட்டனாங்கள்."

அவள் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு இருந்தாள். இறங்கிப் போக இடமில்லை, நாலாபுறமும் வாகனங்கள்.

"இமிக்ரேஷனுக்குச் சொன்னீரே?"

"இல்லை."

"சிட்டிசன்ஷிப் வேற போட்டிருக்கிறம்." அவன் தன்னைத் தேற்றுவான் என்று அவள் நினைத்திருக்கவில்லை, ஆனாலும் காத்திருந்தாள். அவன் கை ஒருதரம் அவள் முழங்கால் வரை வந்து, திரும்பவும் ஸ்டியரிங்குக்கே போனது. "அம்மாவுக்குச் சொல்லக்கூடாது. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பஸ்ரியன் அண்ணைக்கு அறவே சொல்லக்கூடாது."

"அப்ப உந்தத் துவக்கைத் திருப்பிக் குடுப்பம்."

"ஏனெண்டு கேப்பார். ஞாயிற்றுக்கிழமை வராமல் விட்டாலும் கேப்பார். நீர் வாரும். ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நில்லும்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். காதுக்கவசத்துக்குள் பழைய மூச்சு இரைந்தது. ராகுலன் பக்கத்தில் நின்று, அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளைத் தளரவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டாள். குறிக் கடதாசியில் ஒன்றும் படவில்லை. திரும்பவும் சுட்டாள். அதுவும் மண்மேட்டில் போய்ப் புதைந்தது.

பஸ்ரியன் தன் கவசத்தைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்தார்.

"பரவாயில்லை, தங்கச்சி. பழகப் பழக வரும். கிழமைக் கிழமை வாங்கோ."

"ஓம், வருவம் அண்ணை" என்று ராகுலன் முந்திக்கொண்டு சொன்னான்.

நிலாணியும் தலையாட்டினாள்.