வெள்ளைச் சட்டையும் நீலக் கஞ்சியும்

லாண்ட்ரிக்காரரைக் கண்டால் கறைக்கே கைகால் உதறும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மிகையில்லை. காப்பிக் கறை, மைக் கறை, துருக் கறை என்று எது வந்தாலும் மனிதர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, "இரு, உன்னைப் பாத்துக்கறேன்" என்பார். மறுநாள் துணி இருக்கும், கறை இருக்காது. அவர் போட்டிருக்கும் சட்டையோ என்றைக்கும் வெள்ளை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அப்படி ஓர் இஸ்திரி.

இந்தப் பெருமையெல்லாம் கடைக்குச் சரி. வீட்டில் ஒரு மகள் பிறந்து அவள் தவழத் தொடங்கியதும்தான் வந்தது வினை. அம்மா பஸ் ஓட்டுகிறவள். விடிந்ததும் விடியாததுமாக அவள் வண்டி எடுக்கப் போய்விட்டால், காப்பகம் திறக்கும்வரை குழந்தை அப்பாவோடு கடையில்தான். கடை முழுக்க அடுத்தவர் துணி. இந்தப் பக்கம் யாரோ ஒரு வக்கீலின் கோட்டு, அந்தப் பக்கம் யாருடைய கல்யாணத்துக்கோ போகப்போகிற பட்டு, நடுவில் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி, மூலையில் அவர் தினமும் காலையில் கை விட்டுக் கரைக்கிற கஞ்சித் தொட்டி. குழந்தை எதை நோக்கிக் கையை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும்.

"கை!"

அடி இல்லை, திட்டு இல்லை. அந்த ஒரு சொல்தான். அவள் உடனே இரண்டு கையையும் இழுத்து, விரல்களை மூடி, மடியில் வைத்துக்கொள்வாள். 'எவ்வளவு சமர்த்து என் பொண்ணு' என்று அவரும் பூரித்துப் போவார். நாளடைவில் அந்த விரல்கள் மூடியது மூடியபடியே இருந்தன. நடக்கும்போது மூடியிருந்தன, தூங்கும்போதும் மூடியிருந்தன. அம்மாதான் அவளுக்கு மொட்டு என்று பெயர் வைத்தாள். முதலில் செல்லமாகத்தான் வைத்தாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கே நெஞ்சில் சுருக்கென்றது.

ஏனென்றால் மொட்டு சாப்பிடுவதில்லை. தட்டில் எதை வைத்தாலும் கையால் தொடமாட்டாள். அப்பா கரண்டியில் எடுத்து நீட்ட வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் கைக்குட்டையால் உதட்டைத் துடைக்க வேண்டும். காப்பகத்தில் டீச்சர் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். அதனால் மதியமானால் லாண்ட்ரிக்காரர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சட்டைப் பையில் கரண்டியோடு ஓடுவார். யாராவது வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டால் போச்சு. அன்றைக்கெல்லாம் மகள் அழாமல் கொள்ளாமல், பசியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அழுதிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். எடை பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கி, "தானா எடுத்துச் சாப்பிடப் பழகணும், இப்படியே விட்டா உடம்பு தேறாது" என்று சொல்லியிருந்தார். தன் மகள் தன் கையால் ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். லாண்ட்ரிக்காரருக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

காப்பகத்து டீச்சர் ஒரு உரத்த குரல்காரி. முடியில் எந்நேரமும் ஏதாவது ஒரு பெயின்ட் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தாலே லாண்ட்ரிக்காரருக்கு விரல் அரிக்கும்.

"மொட்டு அப்பா, நீங்க தலைகீழா நின்னாலும் கரண்டியால இது நடக்காதுங்க" என்றாள் ஒருநாள். "கை பழகாத ஒண்ணை வாய் எப்படி நம்பும்? முதல்ல குழகுழன்னு இருக்கிறது, சொரசொரன்னு இருக்கிறது எல்லாத்தையும் அவ தொட்டுப் பிசையட்டும். கைக்குப் பயம் போச்சுன்னா வாய் தன்னால திறக்கும். வர்ற வெள்ளிக்கிழமை நம்ம இடத்துல அளையற நாள். சேறு, மணல், நுரை, மாவு எல்லாம் உண்டு. கறை பட்டாலும் பரவாயில்லைங்கற துணியாப் போட்டு அனுப்புங்க."

கறை பட்டாலும் பரவாயில்லை என்ற பேச்சை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வீட்டில் அலமாரி முழுக்கத் தேடினார். கறை பட்ட துணி ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த மனைவி, கட்டிலில் இருந்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, எல்லாரும் கந்தலைப் போட்டு அனுப்புவாங்க. நீங்க வெள்ளைக் கவுனை எடுத்து வெச்சிருக்கீங்க?"

"வெள்ளைன்னாத்தான் கொதிக்க வெச்சு வெளுக்கலாம். கலர் துணியில கறை பட்டா அப்புறம் யார் எடுக்கறது? தொழில் தெரியாமப் பேசாதே."

"சரி. அதுக்கு எதுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி?"

லாண்ட்ரிக்காரர் கவுனைப் பார்த்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. "கை தானாப் போட்டுடுச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை குழந்தையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடத்தான் நினைத்தார். கால் நகரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே முற்றத்தில் ஒரே அமளி! ஒரு தொட்டியில் சேறு, ஒரு தொட்டியில் ஈர மணல், இன்னொன்றில் மலைபோல சோப்பு நுரை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பாய்ந்தார்கள். புயல் என்று எல்லோரும் கூப்பிடுகிற பொடியன் ஒருவன் ஓடி வந்து சேற்றில் சறுக்கி, எழுந்து, மறுபடியும் வேண்டுமென்றே சறுக்கினான். ஒருத்தி நுரையைத் தலையில் வைத்துத் தொப்பி என்றாள். இன்னொருத்தி சேற்றை உருட்டி, ஊதி ஊதி ஆற்றி, டீச்சருக்குச் சாப்பிடக் கொடுத்தாள். டீச்சர் 'ஆகா, உப்பு கொஞ்சம் கம்மி' என்றாள். லாண்ட்ரிக்காரர் ஒவ்வொரு குழந்தையின் முதுகையும் பார்த்து, எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் கணக்குத் தப்பியது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைக் கவுனில் மொட்டு நின்றாள். முழங்கால் உயரத் தொட்டி ஒன்றின் முன்னால், கைகளை மூடிக்கொண்டு நின்றாள். தொட்டிக்குள் நீல நிறத்தில் ஏதோ கெட்டியாகப் பளபளத்தது.

"டீச்சர், அது என்ன, சொட்டு நீலமா?" என்று பதறினார் வாசலிலிருந்தே.

"ஐயையோ இல்லைங்க! சோள மாவும் தண்ணியும். சாப்பாட்டுல போடற கலர்தான். வாயில வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா என்னமோ தண்ணியாப் போயிடுச்சு, சரியா வரலை."

சோள மாவும் தண்ணீரும்! அடடா, இது நம்ம கஞ்சியல்லவா? தொழில்காரன் கை சும்மா இருக்குமா? அடுத்த நிமிஷம் அவர் முற்றத்துக்குள் இருந்தார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மாவுப் பொட்டலத்தை வாங்கிக் கொட்டி, விரலை மட்டும் விட்டுக் கரைத்தார். மாவு பதத்துக்கு வந்தது. மெதுவாகக் கலக்கினால் பால் மாதிரி ஓடியது. வேகமாகக் கலக்கினால் கல் மாதிரி இறுகியது. புயல் வந்து ஓங்கி ஒரு குத்து விட்டான். கை உள்ளே போகாமல் மேலேயே நின்றது. அவன் 'ஐ!' என்று அலறிய அலறலில் மற்ற தொட்டிகள் காலியாயின.

அப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். மொட்டு முகத்தில் அருவருப்பு இல்லை. பயமும் இல்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, கண் கொட்டாமல் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மூலைத் தொட்டியில் அப்பா தினமும் கை விடுவதை அவள் பார்த்தபடிதானே வளர்ந்தாள்? "அப்பா கஞ்சி" என்றாள் மெல்ல. வலது கையில் ஒரு விரல் பிரிந்தது. பிறகு இன்னொன்று. கை தொட்டியை நோக்கி நகர்ந்தது.

"கை!"

யார் சொன்னது? சாட்சாத் லாண்ட்ரிக்காரரேதான். நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. படக்கென்று விரல்கள் மூடிக்கொண்டன. கை பின்னுக்குப் போனது. டீச்சர் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பட்டவர்த்தனமாகப் புரிந்துவிட்டது. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அப்பா சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். வயிறு காய்ந்தாலும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்! இத்தனை நாளாக டாக்டரையும் கரண்டியையும் நொந்துகொண்டவர், இப்போது தன் வாயை நொந்துகொண்டார்.

"இல்லடா கண்ணு, அப்பா சும்மா சொன்னேன். தொடு" என்றார். மொட்டு அசையவில்லை. "தொடலாம்டா தங்கம்" என்றார். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. தலையால் தண்ணீர் குடித்தாலும் பேச்சால் இதை எடுக்க முடியாது என்று தெரிந்தது. சொல்லால் விழுந்த கறை அப்படித்தான். எந்த மருந்துக்கும் அசையாது.

லாண்ட்ரிக்காரர் தொட்டியைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். மடித்துவிட்டிருந்த கையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, மணிக்கட்டுவரை இறக்கி விட்டார். பிறகு இரண்டு கையையும் முழங்கை மறையும்வரை, சட்டையோடு, தொட்டிக்குள் விட்டார்.

பிள்ளைகள் எல்லாம் 'ஓ!' என்று கத்தினார்கள். மொட்டு கத்தவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையில் நீலம் ஏறுவதையே பார்த்தாள். இன்னும் ஏறியது, அப்பா திட்டவில்லை, யாரும் 'கை' என்று சொல்லவில்லை. அவள் கிட்டே வந்தாள். ஒரு விரலை நீட்டினாள். தொட்டாள். எடுத்துப் பார்த்தாள். நீலம் சொட்டியது. மறுபடி தொட்டாள், விரல் முழுகியது. வெடுக்கென்று இழுத்தாள், கஞ்சி விரலைப் பிடித்துக்கொண்டது! இழுக்க இழுக்க விடவில்லை, மெதுவாக எடுத்தால் விட்டது. மொட்டுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. ஐந்து விரலையும் விரித்து ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"விரிச்சுட்டா! டீச்சர், கையை விரிச்சுட்டா!" என்று லாண்ட்ரிக்காரர் துள்ளி எழுந்தார். கீழே தரை எல்லாம் நுரை. கால் வழுக்கியது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்களே, அதேதான். தெருவுக்கே வெளுத்துக் கொடுக்கிற மனிதர் நீலத் தொட்டிக்குள் தொப்பென்று உட்கார்ந்தார்.

மொட்டு சிரித்தாள். வயிறு குலுங்க, மூச்சு முட்ட, இவ்வளவு சத்தம் இந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்தது என்று கேட்கிற மாதிரி சிரித்தாள். நீலக் கையை அப்பா கன்னத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சேற்றுக்குப் போனாள், மணலுக்குப் போனாள். லாண்ட்ரிக்காரர் தொட்டியில் உட்கார்ந்தபடியே, பந்தயத்தில் கத்துகிற ஆள் மாதிரி, "நுரை விட்டுப் போச்சு! நுரைக்குப் போடா கண்ணு! இரண்டு கையும் விடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

மதியம் குழாயடியில் கை கழுவி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டில் அவித்து மசித்த கிழங்கு. மொட்டு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. எதிரில் நீலக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்த லாண்ட்ரிக்காரர் அந்தக் கைகளையே பார்த்தார். கஞ்சி வேறு, சோறு வேறு ஆயிற்றே. பிள்ளைக்குப் பசிக்குமே. பொறுக்க முடியவில்லை. பழக்கதோஷம், கரண்டியை எடுத்து, கிழங்கை அள்ளி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

மொட்டு கரண்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"கை!" என்றாள்.

அதே குரல், அதே சுருக்கு. லாண்ட்ரிக்காரர் படக்கென்று கையை இழுத்தார். கரண்டி தரையில் விழுந்தது. விரல்களை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மகள் ஐந்து விரலையும் கிழங்குக்குள் விட்டு, பிசைந்து, விரல் இடுக்கில் பிதுங்கி வருவதை ரசித்துப் பார்த்து, ஒரு பிடி அள்ளினாள். பாதி கன்னத்தில் போயிற்று, கொஞ்சம் கவுனில் விழுந்தது. மிச்சம் வாய்க்குள் போயிற்று. மென்றாள். விழுங்கினாள். மறுபடி அள்ளினாள்.

"டீச்சர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் கரகரவென்று இறங்கிக் கன்னத்து நீலத்தைக் கரைத்துக்கொண்டு போனது. "சாப்பிடறா டீச்சர்! கிழங்கு இன்னும் இருக்கா? கொண்டு வாங்க!"

மகளின் மோவாயிலிருந்து கிழங்கு வழிந்து வெள்ளைக் கவுனில் சொட்டியது. கைக்குட்டை அவர் பையிலேயே இருந்தது. கை இரண்டும் மடியில் இருந்தன.