எழுத்துல வாங்கிக்குங்க

என் சீனியர் தன்னிடம் வரும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் இரண்டு அறிவுரைகளை இலவசமாகத் தருவார். அவர் இலவசமாகத் தருவது அவை மட்டும்தான். ஒன்று, வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். இரண்டு, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டுப் பிறகு படிக்கவில்லை என்று அழுதால் எந்தக் கோர்ட்டும் கேட்காது.

நான் அந்த வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். படித்தது வேதியியல். சோதனைக்கூடங்களில் வேலைக்கு அனுபவம் வேண்டும் என்றார்கள். அனுபவத்துக்கு வேலை வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. இங்கே டைப் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

சேர்ந்த பிறகு, டைப் அடிப்பது போக மற்றதையும் நான்தான் செய்கிறேன். மனுக்களுக்கு முதல் வரைவு எழுதுகிறேன். ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பக்க எண் போட்டு நாடா கட்டுகிறேன். இன்று எந்தக் கோர்ட்டில் எந்த வழக்கு என்று காலையில் சீனியருக்கு நினைவூட்டுகிறேன். இதற்கு வெளியே பாராலீகல் வேலை என்று பெயராம். பெயர் மாறினால் சம்பளம் மாறுமாம். பெயர் மாறச் சான்றிதழ் வேண்டுமாம். சான்றிதழுக்கு ஃபீஸ் என் மூன்று மாதச் சம்பளம். என் சேமிப்பு முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"அந்த சர்டிஃபிகேட்டை வாங்கிடும்மா. உன்னை எங்கேயோ கொண்டுபோய் வெச்சிடும்" என்பார் சீனியர். எங்கே என்று சொல்ல மாட்டார். வாங்கினால் சம்பளம் கூட்டுவீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்குக் கண்ணாடி முன்னால் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"கூட்டாம இருப்பேனா? கால்வாசி கூட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தினமும் கூப்பிட்டாள்.

"ஃபீஸ்ல சலுகை இன்னிக்கு ஒரு நாள்தான் மேடம்."

நேற்றும் ஒரு நாள்தான் இருந்தது.

"படிச்சா வேலை கிடைக்குங்களா?"

"வேலை தேடறதுக்கு நூறு சதவீதம் உதவி பண்ணுவோம் மேடம்."

நூறு சதவீதம் உதவிக்குத்தான். வேலைக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதற்குள் அவள் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் சிரித்தான். "பி.எஸ்ஸி. முடிச்சா கூப்பிட்டு வேலை குடுப்பாங்கன்ன. இப்ப இதுவா?"

"நீ படிச்ச அனிமேஷன் கோர்ஸ் மட்டும் என்னடா கிழிச்சுது?" என்றாள் அம்மா.

"அது வேறம்மா."

"கோர்ஸ் வேற. போன பணம் ஒண்ணுதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டி. சம்பளம் கூட்டுவேன்னு உங்க வக்கீல் எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரும்மா."

"வாய்ப்பந்தல்ல நிழல் விழுமா?"

சீனியரின் முதல் அறிவுரை. அம்மா சட்டம் படிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் கடிதத்தாளில் ஒரு கடிதம் அடித்தேன். சான்றிதழ் பெற்றால் எனக்குக் கால்வாசி சம்பள உயர்வு தரப்படும் என்று, சீனியர் எனக்கு எழுதுவதாக. இதை அவர் கையில் கொடுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் ஆபீசில் பேசத் தேவையில்லை. கையெழுத்துக்கு வைக்கும் தாள்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கையெழுத்து இடம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். சாப்பிட்டு வந்ததும், போனில் பேசிக்கொண்டே சீனியர் கையெழுத்துப் போட்டபடி மேலிருந்து கீழே இறங்குவார். நான் எதையும் ஒளிக்கவில்லை. என் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே, முழுப்பக்கமும் தெரியத்தான் வைத்தேன். சீனியர் வழக்கம்போல் இறங்கிப் போனார்.

அதற்கு மறுநாள், சனிக்கிழமை வகுப்புகளுக்கு விடுப்புக் கேட்டு ஒரு விண்ணப்பமும், அந்தக் கடிதத்தின் நகலும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். எதிரே மரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பழைய கட்சிக்காரர். கூட்டாளி நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் எங்களுக்குக் கிடைத்தவர்.

"என்னம்மா இது?"

"கோர்ஸ்ல சேரப் போறேன் சார். அதான் லீவு. கூட இருக்கிறது நீங்க கையெழுத்துப் போட்ட லெட்டர்."

சீனியர் படித்தார். ஒரு கடிதத்தை அவர் முழுசாகப் படித்து அன்றுதான் பார்த்தேன். உதடுகள் அசைந்தன.

"இதுல எப்பம்மா கையெழுத்துப் போட்டேன்?"

"நேத்து மத்தியானம் சார்."

"நான் படிக்கவே இல்லையே!"

மரக்கடைக்காரர் நிமிர்ந்தார். "அதெல்லாம் ஒரு வாதமே இல்லன்னு என்கிட்ட சொன்னீங்களே சார்?"

சீனியர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். மெல்ல முகம் மலர்ந்தது.

"கடைசி வரியைப் படிச்சியாம்மா?"

கடைசி வரி எங்கள் கடிதத்தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்தே வரும். 'இக்கடிதத்தில் உள்ள எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது.' தினமும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டிருந்தேன். கழுவாத சோதனைக் குழாயில் சோதனை செய்தது போல.

"இதைத்தான் கோர்ஸ்ல சொல்லித் தருவாங்க. தாராளமா போய்ப் படி" என்றார் சீனியர், ரொம்பப் பிரியமாக. என் காது இரண்டும் எரிந்தன. சேமிப்பு போகும், சனிக்கிழமைகள் போகும், கால்வாசி வராது. கணக்கு முடிந்துவிட்டது. வெளியே போகத் திரும்பினேன்.

மரக்கடைக்காரர் தன் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, உள்ளே இருந்த தாளைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வரி என் லெட்டர்லயும் இருக்கே. கேஸ் முடியுற வரைக்கும் ஃபீஸை ஏத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே, அந்த லெட்டர். அப்ப இதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாதா?"

சீனியர் என் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"அண்ணே, அது சும்மா. பிரஸ்காரன் போடற வரி. அதுக்கெல்லாம் ஒரு மதிப்பும் கிடையாது."

"நிச்சயமா கிடையாதா?"

"கிடையவே கிடையாது."

"அப்ப பாப்பா லெட்டர்லயும் கிடையாதுல்ல?"

சீனியர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்தார்.

"எதுக்கும்மா உனக்கு அந்த சர்டிஃபிகேட்?" என்றார் பிறகு. "நீ இங்க செய்யறதைத்தான் அங்க சொல்லித் தரப் போறாங்க. தண்டச் செலவு. பொட்டலம் மடிக்கக்கூட உதவாது, தாள் தடியா இருக்கும்."

என்னை எங்கேயோ கொண்டுபோய் வைப்பதாக இருந்த தாள்.

"சனிக்கிழமை நீ வராட்டி ஆபீஸ் என்ன ஆகறது? கோர்ஸை விட்டுடு. இந்த மாசத்துலேருந்தே அரைக்கால் கூட்டித் தர்றேன்."

கால்வாசியில் பாதி. முழுக் கால்வாசி வேண்டுமானால் கோர்ஸ் முடிய வேண்டும். முடிந்தாலும், கட்டிய ஃபீஸை மீட்கவே ஒரு வருடம் போகும். சான்றிதழ் வாங்கினால் என்ன மதிப்பு என்று கடைசி வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாங்காமல் இருந்தால் அரைக்கால் மதிப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது.

"சரிங்க சார்" என்றேன். அங்கேயே நின்றேன்.

"இன்னும் என்னம்மா?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"எழுத்துல குடுத்துடுங்க சார்."

மரக்கடைக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் வெளியே போய் வெறும் வெள்ளைத்தாளில் அடித்து எடுத்து வந்தேன். சீனியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். தாளின் அடியில், பொடி எழுத்து இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.