பம்ப் நல்லாத்தான் இருக்கு

ஐஸ் பெட்டியின் ஒரு பக்கத்தை இளங்கோவன் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சங்கமித்ரா குனிந்து அதன் காலுக்கடியில் இன்னொரு செங்கல்லைத் தள்ளினாள். உள்ளே அப்பாவின் தலை லேசாகச் சாய்ந்து, பிறகு நேரானது. கூடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். ராத்திரி மழையில் ஜோகுபாளையத்தின் அந்தச் சந்தே குளமாகிவிட்டிருந்தது. ஆபத்து என்று கரண்டையும் நிறுத்திவிட்டார்கள். பெட்டியின் கண்ணாடி வேர்க்க ஆரம்பித்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்பா, அசோகன். பிறகு எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஒரு பிள்ளையைக்கூட மணியடித்த பிறகு இறக்கிவிட்டதில்லை.

"வண்டிக்காரன் இன்னா சொல்றான்?" என்று கேட்டாள் சொர்ணம் அத்தை. அப்பாவின் அக்கா. ஆனேக்கல்லிலிருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்தவள்.

"மெயின் ரோட்லயே நிக்கிறான். உள்ள வரமுடியாதாம்," என்றான் இளங்கோவன். "தூக்கினு போலாம்னாலும் சந்து முனையில மழத்தண்ணி போற ராஜகால்வாய் ஸ்லாப் இடிஞ்சு உள்ள விழுந்து கெடக்குது. ரோடு எது, கால்வாய் எதுன்னே தெரியல. அத எடுத்துட்டா தண்ணி வடிஞ்சிடும். தூர் வார வந்த மிஷின் அங்கதான் நிக்குது. அதுவும் ரிப்பேராம்."

"இன்ஜின் ஓடுதா?" என்றாள் சங்கமித்ரா.

"ஓடுது. கைய மட்டும் தூக்க மாட்டேங்குது."

அவள் அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அலமாரிக்கு மேலே இருந்த தன் வேலைப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓசூர் ரோட்டில் மண் தோண்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் எலக்ட்ரிகல் பக்கம் அவளுடையது. சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா "கம்பெனியில இருக்கா" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எண்ணெய்க் கறை படிந்த அவள் யூனிஃபார்ம் எப்போதும் பின்கட்டுக் கொடியில்தான் காயும். ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்குப் பார்த்த மிஷின்களைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பாவின் கண் டிவியில் இருக்கும். "இன்னும் ஒரு தோசை போட்டுக்கோ" என்பார். அவ்வளவுதான்.

"எங்கடி கெளம்பற?" அத்தை வழியை மறித்தாள். "அப்பன் இங்க கெடக்கறான். பெத்த பொண்ணு தலைமாட்ல உக்காராம, சாக்கடையில போய் எறங்குவியா? பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?"

"கரண்டு இல்ல அத்த. இப்படியே எவ்ளோ நேரம் அவர வச்சிருக்க முடியும்?"

அத்தை நகரவில்லை. காலையிலிருந்து சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்ல எழுந்து, தண்ணீரில் நடந்து போய், ஆணியில் தொங்கிய அப்பாவின் மழைக்கோட்டை எடுத்தாள். அதை மகளுக்குப் போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டினாள். அத்தை ஒதுங்கி நின்றாள்.

காம்பவுண்டு சுவர்களைப் பிடித்துக்கொண்டே சந்து முனைக்குப் போனாள். மேடான இடத்தில் மஞ்சள் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. இறக்கைகளில் ஒட்டிய சேற்றோடு நிற்கும் கொக்கு மாதிரி, கை பாதி மடங்கி நின்றது. ஆபரேட்டர் ரகுராம் கோலார் பக்கத்துப் பையன். லீவரை முழுக்க இழுத்துக் காட்டினான். கை ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது.

"ஓனருக்கு ஃபோன் பண்ணேன்கா. பம்ப் போச்சு, நாளைக்கு ஆள் அனுப்பறேன்னாரு."

"எமர்ஜென்சி சுவிட்ச் போட்டுப் பாத்தியா?"

"ஒரு வாரமா அதுலதான் ஓட்டறேன். இன்னிக்கி அதுலயும் ஆகல்ல."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எவ்வளவு எண்ணெய் தள்ள வேண்டும் என்று பம்ப்புக்குச் சொல்வது கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து போகும் கரண்டு. அது கிடைக்காவிட்டால் பம்ப் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு சும்மா இருக்கும். எமர்ஜென்சி சுவிட்ச் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து போகிற கடைசித் துண்டு வயரில்தான் கோளாறு.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது. பம்ப்பின் மேல் அந்தக் கரண்டை வாங்கும் காயிலின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தாள். காயில் சரியாக இருந்தது. வயரின் இரண்டு முனைகளிலும் வைத்தாள். மீட்டரில் ஒன்றும் வரவில்லை. வயர்க்கட்டை மெல்ல அசைத்தாள். எண் ஒன்று தோன்றி மறைந்தது.

"இங்கதான் எங்கயோ. டார்ச் அடி."

ரகுராம் டார்ச்சைப் பிடித்தபடி சொன்னான்: "சாரும் இதேதான் சொன்னாருக்கா."

"எந்த சாரு?"

"இந்தச் சந்துல இருக்காரே, வேன் ஓட்டினவரு. தெனம் சாயந்திரம் டீ வாங்கினு வந்து இந்தக் கட்டைச் செவுத்துல உக்காருவாரு. அந்த சுவிட்ச்ல ரொம்ப நாள் ஓட்டாதப்பா, பம்ப்பு நல்லாத்தான் இருக்கும், மொதல்ல வயரப் பாக்கச் சொல்லு, பத்துல எட்டு வயர்தான்னாரு. நீங்க மெக்கானிக்கா சார்னு கேட்டேன். நான் இல்ல, எம் பொண்ணுன்னாரு. ஞாயித்துக்கெழமை கூட்டினு வரேன்னு சொன்னாரு."

சங்கமித்ராவின் விரல்கள் வயர்மேல் நின்றன. பத்தில் எட்டு வயர்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவள் சொல்கிற வார்த்தை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

"நேத்துகூட வந்தாரு," என்றான் ரகுராம். "இன்னிக்கி ஆளக் காணோம். உங்களுக்குத் தெரியுமா அவர?"

தண்ணீருக்கு அப்பால், மெயின் ரோட்டில், பூமாலை தொங்க நின்ற வண்டியை அவள் பார்த்தாள்.

"அந்த வண்டி அவருக்குத்தான் வந்திருக்கு," என்றாள். "நான்தான் அந்தப் பொண்ணு."

ரகுராம் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்து அசையாமல் நின்றான்.

அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு விரலை மறுபடி வயர்மேல் ஓட்டினாள். ஒரு இரும்புத் தாங்கியின் விளிம்பில் வயர்க்கட்டு உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது. கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்து, புது வயர் வைத்து முறுக்கி, ஸ்லீவ் மாட்டி, ரகுராமின் லைட்டரால் சூடு காட்டி இறுக்கினாள். தாங்கியில் படாதபடி இழுத்துக் கட்டினாள்.

"போடு."

இன்ஜின் ஓடியது. கை எழுந்தது. தயங்காமல் மேலே மேலே போய், மடங்கி, தண்ணீருக்குள் இறங்கித் துழாவி, உடைந்த ஸ்லாப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. கால்வாய் ஒருமுறை கொப்பளித்தது. சந்திலிருந்த தண்ணீர் பிளாஸ்டிக் கவர்களையும் யாருடைய செருப்பையோ இழுத்துக்கொண்டு நகரத் தொடங்கியது. மாடியிலிருந்து யாரோ "வடியுது, வடியுது" என்றார்கள்.

அவள் வீடு திரும்பியபோது படிக்கட்டின் அடிப்படி தெரிந்தது. வாய்க்கரிசிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கை முழுக்கக் கருப்பு. எங்கே கழுவுவது என்று தெரியாமல் நின்றாள். அத்தை வந்து அந்தக் கையைப் பிடித்து, தன் புடவைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். கறை முழுக்கப் போகவில்லை.

"பரவால்ல, போடு," என்று அரிசியை உள்ளங்கையில் வைத்தாள்.

இளங்கோவன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் சந்து முனையோடு நின்றார்கள். ஊர்வலம் கால்வாயைக் கடக்கும்போது இயந்திரம் பக்கெட்டைத் தரையில் வைத்து ஓய்ந்திருந்தது. ரகுராம் கீழே இறங்கி, செருப்பில்லாமல் நின்றான். வண்டியின் கதவு மூடியது. ஊதுவத்திப் புகை கொஞ்ச தூரம் அதன் பின்னால் போய்க் கலைந்தது.

பெண்கள் திரும்பினார்கள். பின்னால் இன்ஜின் உயிர்பெற்றது. சங்கமித்ரா நின்றாள். கை சேற்றை அள்ளிக்கொண்டு எழுந்தது. இன்ஜின் சத்தம் கனத்தது, தொய்யவில்லை.

"இன்னாடி நின்னுட்ட?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்த. லோடு எடுக்குது."

அத்தையும் நின்று, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.