சக்ரபாணி ஐயங்காரின் குதிகால்

1

“தேகப்பயிற்சியும் நல்ல பழக்கங்களும் பாதத்தை எப்படிக் காக்கின்றன?” என்று ஒரு கட்டுரை கேட்டு, திருச்சியில் ஆரோக்கியப் பத்திரிகை நடத்தும் நண்பர் என் உயிரை வாங்கினார். (கேட்டது, ஜட்கா வண்டியை விட்டு இறங்காமலே.) கட்டுரை வரவில்லை, ஒரு குதிகால் வந்தது. அதற்கு ஓர் ஆள் வேண்டுமே என்று சக்ரபாணி ஐயங்காரைக் கற்பனை செய்தேன்.

2

காவிரியின் பொன்னலைகளில் வைகறை புரண்டெழுந்த அந்த வேளையில், சக்ரபாணியின் குதிகால் –

(வேண்டாம். குதிகாலுக்கு வைகறை எதற்கு?)

சக்ரபாணி, ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கி. பல்லக்கின் முன் தண்டு அவருக்கு; அவர் அப்பா நின்ற இடம். பெருமாள் புறப்படும்போது சுமப்பவர்கள் சிங்க நடை போட வேண்டும். போன பங்குனி உற்சவத்தில் சக்ரபாணியின் குதிகால் சுரீரென்றது, சிங்கம் நொண்டியது, பல்லக்கு குலுங்கியது. பின் தண்டிலிருந்த ஒன்றுவிட்ட தம்பி பராசரன் மறுநாளே வந்துவிட்டார்.

“வைகுண்ட ஏகாதசிக்கும் இப்படி ஆச்சுன்னா அபசாரம் அண்ணா. முன் தண்டை நான் பாத்துக்கறேன், நீங்க சிரமப்படாதீங்கோ.”

அந்தக் கரிசனத்தின் பொருள் சக்ரபாணிக்கு விளங்கியது. முன் தண்டு போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது இருக்கட்டும். பெருமாளுக்கு அத்தனை அருகில் நிற்க அவருக்கு வேறு இடம் கிடையாது. அதை நினைத்து அழுதார்.

3

டாக்டர் மீரான் காலை அழுத்திப் பார்த்தார். “சாமி, உற்சவத்துல மலையையே தூக்கற மாதிரி தூக்கறீங்க. மத்த நாளெல்லாம் கடைத்தெருவுக்குக்கூட ஜட்காவுல போறீங்க. கால் என்னங்க செய்யும்?”

சுவரில் கை ஊன்றி, காலைப் பின்னால் நீட்டிச் சுவரைத் தள்ள வேண்டும். கால் விரலால் புளியங்கொட்டை பொறுக்க வேண்டும். ஆற்று மணலில் நடக்க வேண்டும். குளித்தபின் விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. நெய்யைக் குறைக்க வேண்டும். (பத்திரிகை நண்பருக்கு: உம்முடைய கட்டுரை இங்கே முடிந்தது. கத்தரித்துக்கொள்ளலாம்.)

நெய் விஷயத்தில் சக்ரபாணி முரண்டு பிடித்தார். மனைவி ரங்கம்மா நெய் மிதக்கும் அக்காரவடிசல் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “பெருமாள் திருவடின்னா உருகறேள். சொந்தக் காலை ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தேளா?”

தொந்தி தடுத்ததால் அவர் பார்த்ததேயில்லை.

4

பராசரனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அண்ணா சுவரைத் தள்ளுவதை எட்டிப் பார்த்தவர், வீட்டுக்குப் போய்த் தாமும் ஒரு சுவரைத் தள்ளினார். அவருக்கும் குதிகால் வலியாம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

சீக்கிரமே தெருவே சுவரைத் தள்ளியது. வலியும் குறைந்து வந்தது. அப்போதுதான் யாரோ கேட்டார்: “முதல்லே எந்தக் காலை நீட்டறது? வலதா, இடதா? சாஸ்திரத்திலே பிரமாணம் என்ன?”

தீர்ந்தது. ஸ்ரீரங்கத்தில் கேட்கக்கூடிய கேள்வியா இது? வலது கால் கட்சியும் இடது கால் கட்சியும் தனித்தனியே கூட்டம் போட்டன. (எல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி.) தீர்ப்பு வரும்வரை யாரும் எந்தக் காலையும் நீட்டக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. இடது கால் கட்சிக்குப் பராசரன் தலைவரானார். வலியும் அவரிடம் திரும்பி வந்தது.

சக்ரபாணி மட்டும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு குதிகாலையும் ஒன்றாக உயர்த்தி ஒன்றாக இறக்கினார். காவிரியிலும் நடந்தார். எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று கரையிலிருப்பவர்களுக்குத் தெரியாதபடி, முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

5

ஏகாதசி. முன் தண்டு அவர் தோளில். முதுகுக்குப் பின்னால் பராசரன் கண் கொட்டாமல் காத்திருக்கிறார். இரண்டு கட்சிக்காரர்களும் பெருமாளைச் சேவிப்பதை விட்டுவிட்டுச் சக்ரபாணியின் பாதங்களையே பார்க்கிறார்கள்.

ஒரு முடிவு: குதிகால் தாங்குகிறது. (பத்திரிகை நண்பருக்குப் பிடிக்கும்.)

இன்னொன்று: சுரீரென்கிறது. முன் தண்டு பராசரனுக்குப் போகிறது. அடுத்த அடியில் அவரும் நொண்டுகிறார். (எனக்குப் பிடிக்கும். ரங்கம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.)

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சாய்ந்துகொண்டுதானே படிக்கிறீர்கள்? எழுந்திருங்கள். இரண்டு குதிகாலையும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். தோளில் பெருமாள் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வையுங்கள். வலிக்கவில்லையென்றால் முன் தண்டு சக்ரபாணிக்குத்தான்.

எந்தக் காலை வைத்தீர்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.