அந்தோணிசாமியின் ஒற்றை வார்த்தை

கடலூர் முதுநகரில் நாற்காலியும் சாமியானா பந்தலும் வாடகைக்கு விடும் அந்தோணிசாமிக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். இன்னும் நாலைந்து தெரியும். ஆனால் மனிதருக்கு அந்த ஒன்றே ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. அட்ஜஸ்ட்.

சாம்பாரில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றி அட்ஜஸ்ட் பண்ணுவார். மழையில் பந்தல் ஒழுகினால், பந்தலை விட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கொஞ்சம் நகர்த்தி அட்ஜஸ்ட் பண்ணுவார். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்வது அட்ஜஸ்ட். ஆபீஸ் மேசைக்கு அடியில் நடப்பதும் அட்ஜஸ்ட். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றால் அவளுக்கும் அதே மருந்துதான். அதைச் சொன்ன மாத்திரத்தில் தொல்லை தீர்ந்துபோனதாக அவர் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவும். தொல்லை அங்கேயேதான் கிடக்கும், அது வேறு விஷயம்.

பெரிய மகளின் கல்யாணத்தில் இது உச்சத்துக்குப் போனது. மண்டபக்காரர் அதே நாளை இன்னொருவருக்கும் கொடுத்துத் தொலைத்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கண்ணே" என்று தலையைச் சொறிந்தார். தன் வார்த்தையைப் பிறர் வாயில் கேட்டதும் அந்தோணிசாமிக்கு வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. உடனே சரி என்றார். விளைவு, ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்களின் தலைக்கு மேலே 'இலவச கண் சிகிச்சை முகாம்' என்று பேனர் தொங்குகிறது. மொய் எழுதும் வரிசை என்று நினைத்து நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா, கண்ணில் சொட்டு மருந்தோடு பந்திக்கு வந்தார். ரசம் எது பாயசம் எது என்று தெரியாமல் ஒன்றாகக் கலந்து அடித்துவிட்டு, சமையல் பிரமாதம் என்று வேறு சொன்னார்.

இளையவள் ஜான்சி அந்த ஆல்பத்தை மறக்கவில்லை. அவள் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சிதம்பரத்து ராபர்ட்டை அவளே விரும்பி, வீட்டிலும் சொல்லி, இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாகிவிட்டது. பூசை முடிந்து வந்து, சிதம்பரம் கிளம்பும் நேரத்தில் அப்பாவை வாசலில் மறித்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் அந்த வார்த்த உன் வாயில வரக்கூடாது."

"எந்த வார்த்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. அவுங்க இன்னா கேட்டாலும் அதச் சொல்லித் தலையாட்டிட்டு வந்துருவ. அப்புறம் அனுபவிக்கிறது நானு. நீ அதச் சொன்னா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துருவேன். ராபர்ட்டுன்னா எனக்கு உசுருதான். இருந்தாலும் வந்துருவேன்."

அந்தோணிசாமி மனைவி ஜெயராணியைத் துணைக்குத் தேடினார். "ஏன் ஜெயராணி, நீயாவது புள்ளகிட்ட சொல்லேன், கொஞ்சம் அட்..."

"பாத்தியா!" என்றாள் ஜான்சி.

ஜெயராணி கதவைப் பூட்டினாள்.

ராபர்ட்டின் அப்பா அருளப்பன் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். "வூடு சின்னது சம்பந்தி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அந்தோணிசாமியின் நாக்கு துள்ளியது. கடித்துக்கொண்டார். "பரவால்ல சம்பந்தி. நான் சுருங்கி உக்காந்துக்கறேன்."

காபி வந்தது. வேப்பிலைச் சாறு தோற்றது. "எங்க வூட்ல எல்லாருக்கும் சுகர். நீங்களும் இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணி..."

"கசக்குது. முழுங்கிக்கறேன் சம்பந்தி."

ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜான்சி சிரிக்கவில்லை. அப்பாவின் வாயையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணிசாமிக்கோ பெரிய இம்சை. அந்த வார்த்தை இல்லையென்றால் ஒவ்வொன்றையும் உள்ளபடி சொல்ல வேண்டியிருந்தது. சுருங்கினால் சுருங்குகிறேன் என்று, கசந்தால் கசக்கிறது என்று. இத்தனை வருஷம் எவ்வளவு சொகுசாக வாழ்ந்திருக்கிறோம் என்று ஏக்கமாக இருந்தது.

அருளப்பன் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிதான். பொண்ணு கடலூருக்கு வேலைக்குப் போறதுதான் தோதுப்படாது. காலையில பஸ்ஸப் புடிச்சு ஓடிட்டா வூட்ட யாரு பாக்கறது? ராபர்ட்டு அம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி. கல்யாணம் ஆனதும் பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்ல?"

ராபர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அருளப்பன் கையமர்த்திவிட்டார். எல்லாரும் அந்தோணிசாமியைப் பார்த்தார்கள்.

பழகிய வாய் தானாகத் திறந்தது. "அ..." என்று தொடங்கியும்விட்டார். ஜான்சி பாதி எழுந்துவிட்டாள்.

"அ... அருமையான காபி" என்றார்.

ஜான்சி உட்கார்ந்தாள். அந்தோணிசாமி வேறு வார்த்தை தேடினார். இருந்தது ஒன்றே ஒன்று: ஜான்சி வேலையை விட்டுவிடுவாள். விடிய விடியக் கண்விழித்துப் படித்தவள். முதல் சம்பளத்தில் அவருக்குச் செருப்பு வாங்கிவந்து தானே காலில் மாட்டிப் பார்த்தவள். அவளைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். தொண்டையைத் தாண்டவில்லை.

"வுடமாட்டா" என்றார்.

"இன்னாது?"

"வேலைய வுடமாட்டா. வுடச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன்."

பிறந்ததிலிருந்து அவர் 'மாட்டேன்' சொன்னதில்லை. போச்சு, மகள் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று வியர்த்தார்.

அருளப்பன் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாங்கதான் எல்லாத்தயும் அட்ஜஸ்ட் பண்ணிக்கணுமா? நீயே கேளு மேரி, இவர் பேசறத!"

அவர் மனைவி லூர்துமேரி கேட்டாள். ஆனால் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் குறிஞ்சிப்பாடியில டீச்சரா இருந்தது ஞாபகம் இருக்கா? இதே மாதிரி உக்காந்துதான் உங்கப்பா கேட்டாரு. எங்கப்பா தங்கமான மனுசன். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கும்'னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டாரு." குரல் உடைந்தது. "இவரு சொன்ன 'மாட்டேன்'ங்கற வார்த்தய எங்கப்பா அன்னிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

லூர்துமேரி மூக்கைச் சிந்திக்கொண்டு தீர்ப்பு சொன்னாள். "பொண்ணு வேலைக்குப் போவட்டும். காலையில சமையல் ராபர்ட்டு பாப்பான். மதியம் நீங்க."

"நானா? எனக்கு அடுப்பு பத்தவெக்கவே தெரியாதே!"

"அம்மாம் பெரிய எஞ்சின ஓட்டத் தெரிஞ்சிச்சில்ல?"

"எனக்குத் தோச நல்லா வரும்" என்று ராபர்ட் ஜான்சியைப் பார்த்துச் சொன்னான். அவள் அப்போதுதான் அன்று முதன்முதலாகச் சிரித்தாள். சர்ச்சில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கும் ஞாயிறுகளையும் கல்யாணத் தேதியையும் அங்கேயே குறித்தார்கள்.

மருமகளைச் சாயங்காலம் அனுப்புகிறேன் என்று லூர்துமேரி நிறுத்திக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அந்தோணிசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா ஜெயராணி, எப்படிச் சொன்னேன்!"

"பாத்தேன்."

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் அட்ஜஸ்ட் என்று சொன்னது மட்டும்தான் இவர். பண்ணியது யார் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கடலூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"ஜெயராணி, என்னால நீ என்னென்னத்த வுட்ட?"

அவள் பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல வேணாங்க. கடலூரு வர்றதுக்குள்ள சொல்லி முடிக்க முடியாது. மெட்ராஸ் பஸ்ஸு எங்க நிக்குதுன்னு பாருங்க."

அந்தோணிசாமி காலை எடுத்துக்கொண்டு, மெட்ராஸ் பஸ்ஸைத் தேடிப் போனார்.