தமிழ் ஜூரி

மஜீட் ஹாஜியாரின் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழும்பி நின்றுவிட்டேன். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து, பிறகு வெள்ளவத்தைக்குக் குடிபோன அதே மனுஷன். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஜூரிக் கதிரையை நோக்கி நடந்தார்.

கூண்டில் என் தம்பி நுஸ்கி. கொலை வழக்கு. எந்த மொழி பேசுகிற ஜூரி வேண்டும் என்று கோர்ட்டில் கேட்டபோது, "தமிழ்தான் வேணும். நம்மட ஆக்கள் நம்மள வெளங்கிக்கொள்ளுவாங்க" என்றான், பைத்தியக்காரன். கொழும்பில் தமிழ் கதைக்கிறவர்கள் எத்தனை பேர்? செத்தவனைத் தெரிந்தவர்களும் அதற்குள்தானே.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் ஹாஜியார் சொன்னார்: "அந்த நுஸ்கியத் தூக்கிலதான் போடோணும். வேற கத இல்ல."

காலையில் வராந்தாவில் எங்கள் லோயர் விஷ்ணுப்பிரியா விளங்கப்படுத்தியிருந்தாள். "வெளிநாட்டில ஜூரர எடுக்க முதல் கேள்வி கேப்பினம், அக்கா. அதுக்கு வ்வார் டியர் எண்டு பேர். பழைய பிரெஞ்சு. அந்த முதல் சொல்லு 'பாக்கிறது' எண்டு கனபேர் நினைக்கினம், பிழை. லத்தீனில உண்மைக்கு உள்ள சொல்லில இருந்து வந்தது. உண்மையச் சொல்லுறது, அவ்வளவுதான்."

"இங்க கேக்கமாட்டாங்களா?"

"நாங்கள் காரணம் காட்டி மறுத்தா மட்டும் நீதிபதி கேப்பார்."

இப்போது ஓடிப்போய், கலியாண வீட்டில் கேட்டதை அவள் காதில் சொன்னேன். அவள் நீதிபதியின் மேசையடிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் கதைத்தாள். கூண்டுக்கு அது எட்டவில்லை. ஹாஜியாரிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும்தான் எல்லோருக்கும் கேட்டது.

"மொகம் தெரியும் சேர். பழக்கமில்ல. அவரப் பத்தி ஒரு வார்த்த கதச்சதில்ல."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அடப்பாவி, நுஸ்கி சைக்கிள் ஓடப் பழகியதே உன் வீட்டு வாசலில்தானே!

"வேறு சாட்சி இருக்கா?" என்று நீதிபதி கேட்டதாக அவள் திரும்பி வந்து என் காதில் சொன்னாள். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் இருந்த பெண்களில் யார் கோர்ட்டுப் படி ஏறப்போகிறார்கள்? குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் தாத்தா, கூடப்பிறந்த அக்கா, நான் ஒருத்திதான். ஆட்சேபனை தள்ளுபடியானது.

ஹாஜியார் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

நுஸ்கி என்னைத் தேடிப் பார்த்தான். அவன் முகத்தில் இத்தனை மாதமாக நான் காணாத வெளிச்சம். தன்னைக் காப்பாற்றத்தான் ஹாஜியார் பழக்கமில்லை என்று பொய் சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். பயப்படாதீங்க என்பதுபோல எனக்குத் தலையை ஆட்டினான். பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல், நெஞ்சில் கையை வைத்தான்.